கை சும்மா இருந்த வாரம்

2024 யூலை 18, வியாழக்கிழமை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று விடியுமுன்னே எழும்பிவிட்டது. பின்கதவைத் திறந்து, முற்றத்தில் குவிந்திருந்த வேப்பஞ் சருகைக் கூட்டி அள்ளினேன். குசினியில் தண்ணீர் கொதித்ததும் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தேன். என்னுடையது சின்னது, அதை நிறைய ஊற்றினேன். என் கணவருடையது பெரியது. அதில் பாதி ஊற்றினேன். சீனியும் பாதிக்கு ஏற்ற அளவுதான் போட்டேன். அவருடைய பிரஷில் பசை வைத்துக் கிணற்றடியில் வைத்தேன். அவர் முகம் கழுவி வந்ததும் கொடியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். அந்தச் சட்டையில் வெளியே தெரிகிற பொத்தான்கள் அழகுக்குத்தான். உண்மையில் பூட்டுவது உள்ளே நான் தைத்து வைத்திருக்கும் அழுத்துப் பொத்தான்கள். மேலிருந்து கீழே விரலால் ஒருமுறை அழுத்திக்கொண்டு போனால் வேலை முடிந்துவிடும். வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவள் நான். ஆறு சட்டைகளுக்கும் அப்படி மாற்றி வைத்திருந்தேன்.

அவர் இறங்குதுறைப் பக்கம் நடக்கப் போனார். மூதூர்ப் படகு புறப்படுவதைப் பார்த்துவிட்டு, கடையில் தேநீர் குடித்துவிட்டு, பேருந்து நிலையத்தடியில் மாடுகள் போலத் திரியும் மான்களுக்கு வழிவிட்டு, எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். இடியப்பத்தைப் பிய்த்துச் சொதி விட்டு, மீனில் முள் எடுத்து, குழைத்து வைத்தேன். சாப்பிட்டார். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

இவை எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் நடப்பவை. எழுதத் தேவையில்லாதவை என்று என் நாட்குறிப்பில் நான் எழுதியதே இல்லை. அன்று பத்து மணிக்கு வந்த தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் இவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அவர் துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு ஓட்டியவர். உள்துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றி இறக்குவது வேலை. வாடைக் காற்றுக் காலத்திலும் கப்பலின் ஏணிக்குக் கீழே லோஞ்சை முட்டாமல் கொண்டுபோய் அணைப்பார் என்று அவரோடு வேலை செய்த எஞ்சின்காரர் சொல்வார். அவருடைய கையில் நடுக்கம் முதலில் தெரிந்தது தேநீர்க் கோப்பையில். பிறகு கையொப்பத்தில். கை மடியில் கிடந்தால் அமைதியாகக் கிடக்கும். ஏதாவது செய்யப் போனால்தான் நடுங்கும். திறப்பைப் பூட்டுக்குள் நுழைக்கும்போது, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது. வேலை எவ்வளவு நுணுக்கமோ நடுக்கமும் அவ்வளவு பெரிது. ஒருநாள் கப்பலுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கப் போன கை இரண்டு தரம் ஆடிவிட்டதாக எஞ்சின்காரர்தான் பிறகு சொன்னார். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதமே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பார்க்கின்சன் நோய் என்று நாங்களே முடிவு செய்து, பயந்து, கடைசியில் நரம்பியல் மருத்துவரிடம் போனபோது, அவர் இல்லையென்றார். பார்க்கின்சனில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். இது வேலை செய்யும்போது நடுங்குவது, வேறு வகை. உயிருக்கு ஒன்றும் செய்யாது. “குடிச்சா குறையுதா?” என்றும் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். “ஒரு கலியாண வீட்டில குறைஞ்சது,” என்றார். மருத்துவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அதுவும் ஓர் அறிகுறிதானாம்.

அந்த நடுக்கத்துக்கு இருக்கிற மருந்துகள் அவருக்குச் சரிவரவில்லை. ஒன்று, ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்க ஏலாதது. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மற்றதைக் குடித்தால் நாள் முழுவதும் நித்திரை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்தபடியே தூங்குவார். நடுங்கினாலும் பரவாயில்லை, விழித்திருக்க வேண்டும் என்று அதை நிறுத்திவிட்டோம். அந்த மருத்துவர்தான் கண்டியில் ஒரு புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார்.

கண்டிக்கு விடிய வெளிக்கிட்டோம். தம்பலகாமம் தாண்டும்போது வீதியோரம் யானை நின்றதால் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. அந்தத் தாமதத்தில் அவர், “திரும்பிப் போவமே,” என்றார். நான் கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

கண்டியில் ஆராய்ச்சி செய்த மருத்துவர் சிங்களத்தில் சொல்ல, அங்கிருந்த தாதிப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பின்தலையில் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. கை எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து சொல்வது அது. அங்கேயிருந்து மேலே போகிற நரம்புப் பாதையில், ஓயாமல் ஒரே தாளத்தில் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கை அசையப் போகும்போது அந்தத் துடிப்பும் கூடவே வந்துவிடுகிறது. புது மாத்திரை அந்தத் துடிப்பை அடக்குமா என்றுதான் பார்க்கிறார்கள்.

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “எஞ்சினில பிழையில்லை. எஞ்சினைத் தாங்குற ரப்பர் தேய்ஞ்சு போட்டுது. அதுதானே?” என்றார்.

தாதிப்பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னாள். மருத்துவர் யோசித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். அதற்குப் பிறகு இவர் திரும்பிப் போவதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு கோப்பைத் தண்ணீரை இன்னொரு கோப்பையில் ஊற்றச் சொன்னார்கள். நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு போகும் கோடு ஒன்றை வரையச் சொன்னார்கள். அவர் வரைந்த கோடு முழுவதும் பல் பல்லாக இருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். தாதிப்பிள்ளை மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டாள். ஆராய்ச்சியில் சேர்ந்தால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. சேர்வதற்கு முன் ஒரு வாரம் அவர் கையில் கைக்கடிகாரம் போல ஒரு கறுப்புப் பட்டி கட்டியிருக்க வேண்டும். கை எப்போது அசைகிறது, எப்படி நடுங்குகிறது என்று அது பதிந்து, கூடவே தந்த சின்னத் தொலைபேசி வழியாகக் கண்டிக்கு அனுப்பிவிடும்.

“நாங்கள் என்ன செய்ய வேணும் பிள்ளை?” என்று நான் கேட்டேன்.

“ஒண்ணும் செய்ய வேணாம்மா. வழமை போல இருங்க.”

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். அந்த வாரம் முழுவதும் நாங்கள் வழமை போலவே இருந்தோம்.

வாரம் முடிந்த மறுநாள்தான் இந்த வியாழக்கிழமை. பத்து மணிக்கு அதே தாதிப்பிள்ளை எடுத்தாள். அவர் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையை மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துக் கொடுப்பது என் வழக்கம்.

“அம்மா, ஐயாவோட பட்டி அனுப்புனத டொக்டர் பாத்தாங்க. ரொம்ப அமைதியா இருக்கு. கை நடுங்கவே இல்ல.”

“நடுங்கிறது பிள்ளை. நீங்களே பாத்தனீங்கள்தானே.”

“பாத்தோம். ஆனா வீட்டுல கை அனேகமா சும்மாவே இருந்திருக்கு. ஐயா நாள் முழுக்க என்ன செய்வாங்க? காலையில சட்டை போடுவாங்கதானே?”

“அது நான் போட்டுவிடுறனான்.”

“சாப்பாடு?”

“குழைச்சுக் குடுக்கிறனான். முள்ளும் எடுத்து.”

“தேத்தண்ணி?”

“அரைக் கோப்பைதான் குடுக்கிறனான். அப்பத்தான் சிந்தாது.”

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கியும் வந்துவிட்ட சிரிப்பு.

“அம்மா, அப்ப பட்டியை உங்க கையிலதான் கட்டியிருக்கணும்.”

“வழமை போல இருங்கோ எண்டுதானே சொன்னனீங்கள்.”

“சொன்னோம்தான். உங்க வழமை இதுன்னு தெரியாம சொல்லிட்டோம்.” பிறகு அவள் சிரிக்காமல் விளக்கினாள். கண்டியில் ஒருநாள் பார்ப்பதை வைத்து அவர்கள் மருந்தை எடைபோடுவதில்லை. வீட்டில், அன்றாட வேலையில், கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைத்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறார்கள். முன்னால் நடுக்கமே இல்லையென்றால் பின்னால் குறைந்ததா என்று எதைக் கொண்டு சொல்வது? இப்படியே விட்டால் அவரைச் சேர்க்க முடியாது. மருத்துவர் இன்னும் ஒரே ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். நாளைக் காலையிலிருந்து. அதற்குப் பிறகு ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

“ஐயா எல்லாத்தையும் தானே செய்யணும்மா. சிந்துனா சிந்தட்டும். யாரும் உதவக் கூடாது. உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்.”

அவரிடம் போய் அப்படியே சொன்னேன். மூலையில் இருந்த கல் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டு கேட்டார்.

“வீட்டுக்குள்ள செய்யலாம்,” என்றார். “நீர் பாக்கச் சிந்துறதில எனக்கென்ன. ஒரு கிழமைக்கு வெளியில போகாம இருக்கிறன்.”

“வெளியில போகாட்டி கையும் சும்மாதானே இருக்கும். காலமையில நீங்கள் வெளியிலதானே.”

“ஊர் பாக்கச் சிந்த ஏலாது.”

“இஞ்சாருங்கோ, அரைவாசி ஊருக்குத் தெரியும்.”

“தெரியிறது வேற. பாக்கிறது வேற.”

அவர் கல்லைத் திரும்ப மூலையில் வைத்தார். பத்திரிகையைப் பார்த்தபடி இருந்தார்; பக்கம் திருப்பவில்லை. இந்த மருந்தை விட்டால் எங்களுக்கு இப்போதைக்கு வேறு வழியில்லை என்று இருவருக்கும் தெரியும். தலையில் மின்கம்பி வைக்கிற சத்திரசிகிச்சை ஒன்று வெளிநாடுகளில் இருக்கிறதாம். அதைக் கேட்டபோதே அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் அவர் படுத்தபின், அவருடைய சட்டைகளை எடுத்து அழுத்துப் பொத்தான்களைப் பிரித்தேன். பொத்தான் துளைகளை நான்தான் தைத்து மூடியிருந்தேன். திரும்ப வெட்டித் திறந்து ஓரம் கட்டினேன். அவருடைய விரலுக்கு இலேசாக இருக்கட்டும் என்று துளையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டப் போனேன். அதுவும் உதவிதானே என்று நினைத்து, சரியான அளவிலேயே வெட்டினேன். இரண்டு சட்டைகள் முடிந்தன. மிச்சம் நான்கையும் அலுமாரியின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போனேன். அவர் வெளியே வந்தாலும் வராவிட்டாலும், வந்தால் எல்லாரும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா. கடைக்காரர் எங்களைவிட இளையவர், சாம்பல்தீவுக்காரர். நான் ஒருநாளும் அந்தக் கடைக்குள் போனதில்லை. என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழும்பிவிட்டார்.

“என்னக்கா, அண்ணைக்கு ஏதுமோ?”

ஒன்றுமில்லை என்று சொல்லி, விஷயத்தை விளக்கினேன். நாளையிலிருந்து ஒரு வாரத்துக்கு அவருக்குக் கோப்பை நிறையத் தேநீர் கொடுக்க வேண்டும். மேசைவரை கொண்டுபோய் வைக்கக் கூடாது. கல்லாவிலிருந்து அவரே எடுத்துப் போகட்டும்.

“சிந்துமேக்கா.”

“சிந்தட்டும்.”

“சுடுதண்ணி கையில பட்டா?”

“கொஞ்சம் ஆற வைச்சுக் குடுங்கோ. அது மட்டும் செய்யலாம்.”

“சனம் பாக்கும்.”

“அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான். சனத்தைப் பாக்காமல் இருக்கச் சொல்லுங்கோ.”

“இஞ்ச வாறதுகள் சொன்னாக் கேக்கிற சனமோ,” என்றார். பிறகு ஒரு துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே, “உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். அண்ணையிட்டச் சொல்லிப் போடாதேங்கோ,” என்றார்.

“என்ன?”

“அண்ணை இஞ்ச குடிச்சிட்டு நேரா அந்த மூலைக் கடைக்குப் போறவர். ஒவ்வொரு நாளும். முதல்ல எனக்குச் சரியான கவலை. என்ர தேத்தண்ணி பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சு இலையைக்கூட மாத்தினனான். பிறகு ஏலாமல் அந்தக் கடைக்காரனிட்டப் போய்க் கேட்டன். அவனும் என்னை மாதிரியே அரைக் கோப்பைதான் ஊத்திக் குடுக்கிறானாம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. கடையைவிட்டு இறங்கி, வெயிலில் கொஞ்சத் தூரம் நடந்தபின்தான் விளங்கியது. அரையும் அரையும் ஒன்று. அவர் ஒரு முழுக் கோப்பைத் தேநீரை இரண்டு கடையில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். காலையில் வீட்டில் நான் கொடுப்பது அவருக்குப் போதவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. வீதியோரத்தில் ஒரு மான் யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் குடையோடு நின்று சிரித்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் வழக்கம் போல அவருடைய கூட்டாளி வந்தார். கிண்ணியாக்காரர், அதே லோஞ்சில் எஞ்சின் பார்த்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்பேன். இருவரும் தினமும் மாலையில் விறாந்தையில் ‘தாம்’ என்கிற பலகை ஆட்டம் விளையாடுவார்கள். கட்டம் போட்ட பலகை, கறுப்புக் காய், வெள்ளைக் காய். இவர் காயைத் தொடுவதில்லை. “அந்த மூலையில நிக்கிறதை முன்னுக்கு வை,” என்பார்; நானா எடுத்து வைப்பார். பிறகு நானா தன்னுடைய காயையும் வைப்பார்.

பலகையை விரிக்கும்போதே நானாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

“ஒரு மனிசன்ட கையை நடுங்க வைச்சுப் பாக்கிறதுதான் ஆராய்ச்சியா தங்கச்சி?”

“நடுங்கிறது எவ்வளவெண்டு தெரிஞ்சால்தான் நானா குறைஞ்சதெண்டு சொல்லலாம்.”

“அது சரி.” அவர் யோசித்தார். “எஞ்சின் சத்தத்தைக் கேக்காம திருத்த ஏலாதுதான். நிப்பாட்டி வைச்ச எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல.” பிறகு என் கணவரின் பக்கம் திரும்பினார். “மச்சான், எனக்கும் இது நல்லதுதான். இவ்வளவு நாளும் ரெண்டு பக்கமும் நானே விளையாடி நானே தோத்திட்டிருக்கன்.”

“நீ தோக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது?”

“உன்ட காயை நீ வை. பாப்பம்.”

“நாளைக்கு.”

“நாளைக்கு ஜும்ஆத் தொழுகை. நான் பிந்தித்தான் வருவன். இப்ப வை.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தையல் கூடைக்குள் ஊசி தேடுகிறவள் மாதிரிக் குனிந்தேன். பிறகு கதிரை கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வலது கை பலகைக்கு மேலே நின்றது. காய்க்குக் கிட்டப் போகப் போக ஆட்டம் கூடியது. விரல்கள் காயைப் பிடித்தன, தூக்கின. அது போகவேண்டிய கட்டம் அடுத்ததுதான். அதற்குள் அவருடைய மணிக்கட்டு பட்டு, நானாவின் காய்கள் மூன்று பலகையைவிட்டு உருண்டு, ஒன்று என் காலடிக்கு வந்தது.

நானா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

“ஒரே போடில என்ட மூண்டு காயை வெட்டிட்டான். கள்ளன். இதுக்குத்தான் இவ்வளவு நாளும் நான் இவனுக்குப் பலகையில கை வைக்க விடல்ல.”

என் கணவர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு குனிந்து, உருண்டவற்றை அவரே பொறுக்கி வைத்தார். நேரம் எடுத்தது. நானா அந்த நேரத்தில் கச்சான் காற்றைப் பற்றியும், கட்டைபறிச்சான் பக்கம் மீன் பட்டதைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. யார் வென்றது என்று எனக்குத் தெரியாது. இருவரும் தாங்கள்தான் என்றார்கள்.

நானா போனபின் விளக்கைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடைக்காரர் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன்.

“மூலைக் கடைத் தேத்தண்ணி எப்பிடி?”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் மாங்காய் கண்டுபிடித்தது மாதிரி இருந்தது.

“ஆர் சொன்னது?”

“ஆரோ. அரைக் கோப்பை காணாதெண்டால் என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடிச் சொல்லுறது? நீர் அதை அளந்து அளந்து ஊத்துவீர். சிந்தாமல் நான் குடிச்சு முடிச்சாப் பிறகுதான் நீர் உம்மட கோப்பையை எடுக்கிறனீர். நான் கேட்டு நீங்கள் ஒருதரும் செய்யேல்லை. நீர், நானா, அந்தக் கடைக்காரன், பக்கத்து வீட்டுக்காரி வாசல் படலையைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறது, எல்லாரும் ஆசையாச் செய்யிறியள். வேண்டாமெண்டால் மனம் நோகும்.”

நாங்கள் அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ எங்களுக்காக அதை ஏற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

“நாளைக்கு?” என்று கேட்டேன்.

அவர் வலது கையை மேசையில் வைத்து, இடது கையால் அதன் மேல் ஒருமுறை தடவினார். படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நாளைக்கு ஒரு கடைக்கு மட்டும்தான் போவன்.”

அந்த இரண்டாவது வாரத்தின் பதிவு போதுமென்று பிறகு கண்டியிலிருந்து சொன்னார்கள், அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இதை எழுதும் இன்றும் அவர் காலையும் மாலையும் அந்த மாத்திரையைக் குடிக்கிறார். அது மருந்தா வெறும் மாத்திரையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆராய்ச்சி முடிந்தபின் சொல்வார்கள். கை சில நாளில் நன்றாக இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றும், அதை நம்பிவிட வேண்டாம், பட்டி சொல்வதைத்தான் பார்ப்போம் என்று தாதிப்பிள்ளை சொல்லியிருக்கிறாள். ஆகவே அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வியாழன் இரவு படுக்கப் போகுமுன் பட்டியை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, மறுநாளுக்கான சட்டையைக் கதிரையில் மடித்து வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் வேலையாக, சருகு கூட்டுவதற்கும் முன்னால், தேநீர் போட்டேன். அவருடைய பெரிய கோப்பையில் விளிம்புக்கு ஒரு விரல் குறைய நிறைய ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, அவர் முன்னால் வைத்தேன். பட்டியை அவரே கட்டிக்கொண்டு வந்திருந்தார். பூட்டு ஒரு துளை தள்ளி விழுந்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்து என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவர் வலது கையால் கோப்பையைத் தூக்கினார். மேசையில் சிந்தியது, அவருடைய பெனியனிலும் சிந்தியது. மேசை துடைக்கிற துணி எனக்குக் கிட்டத்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. கோப்பை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“சீனி காணாது,” என்றார்.

பழக்கத்தில் அரைக் கோப்பைக்கு உரிய சீனியைத்தான் போட்டிருந்தேன். சீனிப் போத்தலையும் கரண்டியையும் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அவர் அள்ளினார். பாதி கோப்பைக்குள் விழுந்தது, பாதி மேசையில் விழுந்தது. இன்னொரு தரம் அள்ளினார். பிறகு கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுக் கலக்கினார். கோப்பையின் சுவரில் கரண்டி பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை, சீனி கரையும்வரை கலக்கினார்.